முதல் டிராக் டேவுக்கு எந்த டயர்? இப்போ வண்டியில் இருக்கிறதே போதும்!

"மச்சி, டிராக் டேவுக்கு ஸ்லாட் புக் பண்ணிட்டேன். எந்த டயர் போடலாம்?"

போன மாசம் மட்டும் இந்தக் கேள்வியை நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் ரெண்டு பேர், நம்ம ஃபார்முலா ஸ்டூடன்ட் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர், ஊரில் ஒரு தம்பி. நாலு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். நாலு பேருமே நம்பவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்களுக்கு லிங்க் அனுப்பினால் போதும்.

என் பதில் இதுதான்: இப்போ உங்க வண்டியில் இருக்கிற டயர் நல்ல நிலையில் இருந்தால், அதையே போட்டு ஓட்டுங்க. முதல் நாலைந்து டிராக் டே வரைக்கும் புது டயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

"இவன் என்ன, கஞ்சப்பயலா இருக்கானே" என்று நினைப்பீங்க. இருக்கட்டும். நான் செலவு பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேசுறேன்.

நான் பட்ட பாடு

நான் பள்ளிப்பட்டுக்காரன். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம். ஒரு பக்கம் தறிச் சத்தம், இன்னொரு பக்கம் கரும்பு. தெருவில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். செகண்ட் இயரில் ஒரு 200 சிசி பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கின கையோடு டிராக் ஆசையும் வந்துவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டேவுக்குப் பணம் கட்டினேன். அடுத்த நாளே ஒருத்தர் மூலமா, ரேஸில் ஓட்டிக் கழற்றிய சாஃப்ட் டயர் ஒரு ஜோடி கிடைத்தது. "இதைப் போட்டா முட்டி தரையில உரசும் ப்ரோ" என்றார். இன்டர்ன்ஷிப்பில் வந்த காசும் அம்மாவின் சீட்டுப் பணத்தில் கொஞ்சமும் அதற்கே போய்விட்டது. டிராக்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. "ரோட்டிலேயே கொஞ்சம் பழகிக்கலாம்" என்று அன்றைக்கே மாட்டிவிட்டேன்.

நவம்பர் மாசம். கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வரும், தரைப்பாலம் முங்கும். எங்க ஊர்ப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. அன்றைக்குத் தண்ணீர் வடிந்திருந்தது. விடிகாலை, லேசான தூறல். பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் நான் நாற்பதுகூடத் தாண்டவில்லை. முன் சக்கரம் சோப்பு மேல வச்ச மாதிரிப் போய்விட்டது. காறை எலும்பு முறிந்தது. லேப் எக்ஸாம் போச்சு. டிராக் டேவுக்குக் கட்டின பணமும் போச்சு. டிராக்கை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பஞ்சர் கடையில். அண்ணன் டயரை நகத்தால் கீறிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த நம்பரைத் துடைத்துப் படித்தார். "இன்னா தம்பி, ஏழு வருஷத்து டயரையா காசு குடுத்து வாங்கின?" என்றார். அப்புறம், "இதுல பட்டனே இல்லியேப்பா, தண்ணி எங்க போவும்?" என்றார்.

நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன். அந்த ரெண்டு கேள்வியையும் நான் கேட்டிருக்கணும்.

தப்பு எங்கே நடந்தது?

சாஃப்ட் டயர் கெட்ட டயர் கிடையாது. அது வேற வேலைக்குச் செய்த டயர். ரப்பர் ரெண்டு விதமாகப் பிடிக்கும். ஒன்று, தார் மேல் ஒட்டிக்கொள்வது. ரெண்டாவது, தாரில் இருக்கிற மேடு பள்ளத்துக்குள் அமுங்கி எழும்போது சக்தியை இழந்து, வழுக்குவதைத் தடுப்பது. ரெண்டுக்குமே ரப்பர் சரியான சூட்டில் இருக்கணும். ரேஸ் ஸ்லிக் டயருக்கு அந்தச் சூடு ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி. அதனால்தான் ரேஸ்களில் டயருக்குக் கம்பளி போர்த்தி, கரண்ட் கொடுத்துச் சூடாக்கி வைக்கிறார்கள். சூடு ஏறாத ஸ்லிக், சாதாரண ரோடு டயரைவிட மோசமாக வழுக்கும். ஈரத்தில் கேட்கவே வேண்டாம். தண்ணீரை வெளியே தள்ள அதில் பட்டன் இல்லை.

ரோடு டயர் அப்படி இல்லை. காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகும்போதும் பிடிக்கணும், மழையிலும் பிடிக்கணும் என்று செய்தது. அதிகபட்சப் பிடிப்பு குறைவுதான். ஆனால் எப்போதும் இருக்கும்.

"டிராக்கில்தானே ஓட்டப் போறேன், ரோடு எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம்மில் எத்தனை பேர் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு டிராக்குக்குப் போறோம்? அதே வண்டியில் போய், அதே வண்டியில் திரும்பி, திங்கட்கிழமை அதே வண்டியில் காலேஜுக்கு வர்றோம். டிராக்கில் அரை மணி நேரம் கிடைக்கிற பிடிப்புக்காக, மீதி நாள் பூரா ஆபத்தைச் சுமக்கணுமா?

பிடிப்பு அதிகமானா பத்திரமா?

எல்லாரும் சொல்ற வாதம் இது: "கிரிப் அதிகம்னா சேஃப்டி அதிகம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம், இன்ஜினியரிங் படிக்கிறோமே!

ஒரு வளைவு, ஆரம் 30 மீட்டர். வழுக்காமல் திரும்பக்கூடிய அதிகபட்ச வேகம் என்பது உராய்வுக் கெழு, புவியீர்ப்பு, ஆரம் மூன்றையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். நல்ல ரோடு டயருக்கு உராய்வுக் கெழு 0.9 என்று வைத்துக்கொண்டால் மணிக்குச் சுமார் 59 கிலோமீட்டர். சூடான சாஃப்ட் டயருக்கு 1.2 என்றால் சுமார் 68.

இப்போ யோசிங்க. புதுசா ஓட்டுறவர் ரெண்டு டயரிலும் தப்பு பண்ணத்தான் போறார். அந்தத் தப்பு 59-இல் நடக்கணுமா, 68-இல் நடக்கணுமா? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்குத் தகுந்தபடி ஏறும். 68-இல் விழுந்தால் உங்க உடம்பும் வண்டியும் சுமக்கிற ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். பிடிப்பு அதிகமான டயர் தப்பைத் தடுப்பதில்லை. தப்பு நடக்கும் வேகத்தைத்தான் உயர்த்துது.

இன்னொன்று. ரோடு டயர் விடப்போறதுக்கு முன்னால் சொல்லும். காரில் கீச்சென்று சத்தம் வரும், ஸ்டீயரிங் லேசாகும். பைக்கில் பின் பக்கம் மெதுவாக நெளியும். டயர் பார்க்கும் திசைக்கும் வண்டி உண்மையில் போகும் திசைக்கும் நடுவில் இருக்கிற கோணத்தை ஸ்லிப் ஆங்கிள் என்று வெஹிக்கிள் டைனமிக்ஸ் பேப்பரில் படிச்சிருப்போம். ரோடு டயரில் அந்த வரைபடத்தின் உச்சி அகலமானது. தாண்டினாலும் பிடிப்பு மெதுவாகத்தான் இறங்கும். ஸ்லிக்கில் உச்சி கூர்மை. தாண்டினால் பொசுக்கென்று போய்விடும். அனுபவம் உள்ளவருக்கு அந்தக் கூர்மை பரவாயில்லை. நமக்கு முதலில் தேவைப்படுவது, பேசுகிற டயர். அந்தப் பேச்சைக் கேட்கப் பழகுறதுதான் முதல் வருஷத்துப் பாடம்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் டீம் தன் பிரிவில் மூணாவதாக வந்தபோது, நம்ம காலேஜ் பூரா ஸ்டேட்டஸ் வச்சோம். அவர் 2003-லேயே ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியாவில் ஓட்டினவர், 2010-இல் ஃபார்முலா 2 ஓட்டினவர் என்பதை எத்தனை பேர் ஸ்டேட்டஸில் போட்டோம்? நாம பார்த்தது கோப்பையை. அதுக்குப் பின்னால் இருந்தது 20 வருஷத்துக்கு மேல் ஆன ஓட்டம்.

சரி, "நல்ல நிலை"ன்னா என்ன?

இருக்கிற டயரே போதும் என்று சொன்னதை, எந்த மொட்டை டயரும் போதும் என்று எடுத்துக்காதீங்க. மொபைல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் உட்காருங்க. பத்து நிமிஷ வேலை.

முதலில் வயசு. டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. ரப்பர் ஓடாமலே கிழமாகும், இறுகும், வெடிக்கும். அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆன டயரோடு டிராக்குக்குப் போகாதீங்க. இது என் கோடு. எலும்பு முறிந்த அனுபவத்தில் போட்ட கோடு.

ரெண்டாவது பட்டன். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு தெரியும். அதுதான் தேய்மானக் குறி. கார் டயரில் அது 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. அதற்காகப் புத்தம்புது டயரோடு போகணும் என்றும் இல்லை. புது கார் டயரில் பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர் உயரம். காய்ந்த டிராக்கில் உயரமான பட்டன் நெளியும், நெளிந்தால் சூடாகும், ஓரம் பிய்ந்து வரும். பாதி தேய்ந்த, வயசு ஆகாத டயர்தான் காய்ந்த டிராக்கில் நல்லா நிக்கும். புது டயர் போட்டே ஆகணும் என்றால், முதல் நூறு கிலோமீட்டராவது ரோட்டில் நிதானமாக ஓட்டி மேல்தோல் போன பிறகு டிராக்குக்கு எடுத்துப் போங்க.

மூணாவது எழுத்து. அளவுக்குப் பக்கத்தில் பளு எண்ணும் வேக எழுத்தும் இருக்கும். எஸ் என்றால் 180, டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை. உங்க வண்டி போகிற வேகத்துக்கு அந்த எழுத்து போதுமா என்று பாருங்க. யாரோ விலை குறைவு என்று கம்மியான எழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

நாலாவது, ஓரம். வீக்கம், வெட்டு, பழைய பஞ்சர் ஒட்டு. பட்டன் நடுவில் ஒழுங்காகப் போட்ட பஞ்சர் ரோட்டுக்குச் சரி. ஓரத்தில் பஞ்சர் போட்ட டயரும் ரீட்ரெட் பண்ணின டயரும் டிராக்குக்கு வேண்டவே வேண்டாம்.

இதில் ஒன்று தேறவில்லை என்றாலும் டயரை மாற்றுங்க. ஆனால் அதே வகை நல்ல ரோடு டயராக மாற்றுங்க.

காத்து: காசில்லாத டியூனிங்

டயர் மாற்ற ஆயிரக்கணக்கில் செலவு பண்ண ரெடியாக இருக்கிற நாம், காத்து அளக்கிற ஒரு கேஜ் வாங்க யோசிக்கிறோம். முதலில் அதை வாங்குங்க.

பி.வி = என்.ஆர்.டி. பிளஸ் ஒன்னில் படிச்சது. காலையில் 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. அடித்தோம் என்று வைங்க. நாலு ரவுண்டில் டயருக்குள் காத்து 70 டிகிரி ஆகிறது. கேஜ் காட்டுறதோடு வளிமண்டல அழுத்தம் 14.7-ஐச் சேர்த்து, 303 கெல்வினிலிருந்து 343 கெல்வினுக்குக் கணக்குப் போட்டால், கேஜில் கிட்டத்தட்ட 36 வரும். ஆறு பி.எஸ்.ஐ. சும்மா ஏறுது! வெயிலில் நம்ம டிராக்கின் தார் 50 டிகிரியைத் தாண்டும் என்பதையும் சேர்த்துக்கோங்க. மூணாவது ரவுண்டில் வண்டி ஐஸ் மேல் போற மாதிரி இருக்குன்னு டயரைத் திட்டுறவங்க, பெரும்பாலும் காத்தைத்தான் திட்டணும்.

அதனால் கம்பெனி சொன்ன அளவில் ஆரம்பிங்க. ஓட்டி முடித்து உள்ளே வந்த உடனே, சூடு ஆறும் முன்னால் அளந்து எழுதிக்கோங்க. கார் என்றால் டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்க. கோடு ஓரச்சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் காத்து குறைவு. தோளைக்கூடத் தொடவில்லை என்றால் அதிகம். ஒவ்வொரு தடவையும் ஒன்று ரெண்டு பி.எஸ்.ஐ. மட்டும் மாற்றிப் பாருங்க. பைக்குக்கு டயர் கம்பெனி சொல்ற அளவைத் தாண்டி விளையாடாதீங்க. வீட்டுக்குக் கிளம்பும் முன் ரோட்டு அளவுக்குத் திரும்ப அடிங்க. இதை மறக்கிறவங்க நிறைய.

ஒரு நோட்டு, ஒரு கேஜ், ஒரு சாக்பீஸ். ஒரு நாளில் டயரைப் பற்றி நீங்க கத்துக்கிறது எந்த ரிவ்யூ வீடியோவிலும் கிடைக்காது.

ஆட்டோகிராஸ் போறவங்களுக்கு

முதலில் தரை என்ன என்று கேளுங்க. அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றால் பார்க்கிங் இடம் மாதிரி தார்த் தரையில் கோன் வைத்து ஓட்டுவது. நம்ம நாட்டில் ஆட்டோகிராஸ் பல நேரம் மண் தரையில் நடக்கும். யூடியூபில் அவங்க சொல்ற டயரைப் போட்டுக்கொண்டு மண்ணில் இறங்கினால், சக்கரம் சுற்றும், வண்டி நகராது. மண்ணுக்குப் பட்டன் இடைவெளி பெரிசாக இருக்கணும், ஓரச்சுவர் தடியாக இருக்கணும்.

தார்த் தரை என்றால், ஒரு ரவுண்டு ஒரு நிமிஷம் சொச்சம்தான். டயர் சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். சூடு தேவைப்படும் டயருக்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. நடத்தும் சோலோ போட்டிகளில்கூட ஸ்ட்ரீட் பிரிவுக்கு ட்ரெட்வேர் எண் குறைந்தது 200 இருக்கணும் என்பது விதி. அந்த எண் குறைந்தால் ரப்பர் சீக்கிரம் தேயும், பொதுவாகப் பிடிப்பு கூடும். ஆனால் அதைப் போடுவது தயாரிப்பாளரே என்பதால், ஒரு பிராண்டை இன்னொரு பிராண்டோடு ஒப்பிட ரொம்ப நம்பாதீங்க.

நம்ம ஃபார்முலா ஸ்டூடன்ட் டீமுக்கும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கும்போது ஆட்டோகிராஸும் உண்டு, எண்டியூரன்ஸும் உண்டு. புது இம்போர்ட்டட் டயருக்கு ஸ்பான்சர் தேடுகிற நேரத்தில் பாதியை, பழைய டயரோடு காலேஜ் கிரவுண்டில் கோன் வைத்து ஓட்டிப் பழகச் செலவிடுங்க. டிரைவருக்குப் பத்து மணி நேரம் கிடைத்தால், நொடிகள் தானாகக் குறையும்.

அப்போ எப்போதான் மாத்துறது?

வாழ்நாள் பூரா ரோடு டயரிலேயே ஓட்டுங்க என்று சொல்லவில்லை. மூன்று விஷயம் நடக்கட்டும். ஒன்று, உங்க நேரம் ரவுண்டுக்கு ரவுண்டு ஒரே மாதிரி வரட்டும். ரெண்டு, டயர் எங்கே விடும் என்று முன்கூட்டியே சொல்ல வரட்டும். மூணு, நீங்க தப்பே பண்ணாமல் ஓட்டியும் டயர் சூட்டில் களைத்துப்போவதை நோட்டில் எழுதியிருக்கணும். அப்போ போய் ஒரு படி மேலே வாங்குங்க. அப்பவும் ஒரே தாவலில் ஸ்லிக்குக்குப் போக வேண்டாம். பிடிப்பு கூடினால் பிரேக், சஸ்பென்ஷன், வீல் பேரிங் எல்லாத்துக்கும் பளு கூடும் என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மிச்சமான காசு? நல்ல ஹெல்மெட், கையுறை, புது பிரேக் பேட், பிரேக் ஆயில். அதற்கும் மேல், இன்னொரு டிராக் டே.

கடைசியா ஒன்று

நாம எந்த மண்ணில் இருக்கிறோம் என்று யோசிச்சுப் பாருங்க. இதே திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்து ரேஸ் ஓட்டினார்கள். அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக்கைத் திறந்தது. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஆச்சு. கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின், ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., எங்க ஊருக்குப் பக்கத்து அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். நம்மைச் சுற்றி இருக்கிறது டயர் பெல்ட். எங்க ஊர்ப் பையன்கள் சிஃப்ட் பஸ்ஸில் போய் டயர் செய்துவிட்டு வர்றாங்க. ஆனால் அந்த டயரின் ஓரத்தில் எழுதியிருக்கிறதைப் படிக்க நமக்குத் தெரியலைன்னா, அசிங்கம் இல்லையா?

காறை எலும்பு சேர்ந்து எட்டு மாசம் கழித்து நான் டிராக்குக்குப் போனேன். கம்பெனி அளவில், ரெண்டு வருஷம்கூட ஆகாத சாதாரண ரோடு டயர். அதை மாட்டிக் கொடுத்தது அதே பஞ்சர் கடை அண்ணன்தான். அன்றைக்கு என்னைத் தாண்டிப் போகாத வண்டி இல்லை. ஆனால் சாயங்காலம் நானே ஓட்டிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, திருத்தணி வழியா வீடு வந்து சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாங்க. முதலில் என் தோளைப் பார்த்தாங்க, அப்புறம் வண்டியைப் பார்த்தாங்க, உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வச்சாங்க.

இன்றைக்குச் சாயங்காலம் பார்க்கிங்கில் உங்க வண்டி பக்கத்தில் ஒரு நிமிஷம் குனிஞ்சு அந்த நாலு இலக்கத்தைப் படிங்க. என்ன நம்பர் என்று எனக்கு அனுப்புங்க. டயர் வாங்குறதைப் பற்றி அதுக்கப்புறம் பேசலாம்.